ஆயுதக் கொள்ளை வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பு வந்த பிறகு: கலிஃபோர்னியாவில் மேல்முறையீடு செய்வது எப்படி?

தீர்ப்பு வந்த அன்று குடும்பத்தார் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "மேல்கோர்ட்டில் போய் நடந்ததைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் இல்லையா?"

சொல்லவே முடியாது. மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டு கிடையாது. மூன்று நீதிபதிகள், கட்டுக் கட்டாகக் காகிதம், இரண்டு தரப்பு எழுத்து வாதம், அவ்வளவுதான். கடைக்காரர் ஆளை மாற்றி அடையாளம் காட்டினார் என்று அங்கே போய் முறையிட்டால், யாரை நம்புவது என்பதை ஜூரி முடிவு செய்துவிட்டது என்பார்கள். அங்கே பெரும்பாலும் எடுபடும் கேள்விகள் இரண்டு. விசாரணை சட்டப்படி நடந்ததா? நடக்கவில்லை என்றால், அந்தத் தவறு இல்லாதிருந்தால் தீர்ப்பு வேறாக இருந்திருக்குமா? முதல் கேள்வியில் ஜெயித்துவிட்டு இரண்டாவதில் தோற்கிற வழக்குகள்தான் அதிகம். அதனால் இந்த வழிகாட்டியில் இரண்டாவது கேள்விக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் மாறும். இங்கே சொல்வது கலிஃபோர்னியா மாநில நீதிமன்றத்தில் ஜூரி விசாரணை நடந்து முடிந்த வழக்குகளுக்கு. குற்றத்தை ஒப்புக்கொண்டு பேரம் பேசி முடித்த வழக்குகளுக்கு வழி வேறு. வங்கிக் கொள்ளை போல மத்திய நீதிமன்றத்துக்குப் போகும் வழக்குகளைப் பற்றி இடையில் ஓரிரு வரி சொல்கிறேன்.

எடுத்துக்கொண்ட காரணங்கள் இரண்டு. ஒன்று, நீதிபதி ஜூரிக்குச் சட்டத்தைத் தவறாகச் சொன்னது அல்லது சொல்ல வேண்டியதை விட்டது. இன்னொன்று, அரசு வழக்கறிஞர் தானே சாட்சியாக மாறியது. ஜூரியில் உட்காரும் பன்னிரண்டு பேருக்கு அந்த மண்டபத்தில் யாரையும் தெரியாது. அவர்கள் இயல்பாகவே நம்புவது கறுப்பு அங்கி போட்ட நீதிபதியையும், "மக்கள் சார்பில்" என்று எழுந்து நிற்கும் அரசு வழக்கறிஞரையும்தான். அந்த இருவர் வாயிலிருந்து தவறு வந்தால், அதன் எடை மற்றவர் தவறைவிடக் கூடுதல்.

நம்மில் பலருக்கு ஜூரி என்றால் கடற்படை அதிகாரி நானாவதியின் கொலை வழக்குதான் நினைவுக்கு வரும். 1959-இல் பம்பாய் ஜூரி 8-க்கு 1 என்று நானாவதியைக் குற்றமற்றவர் என்றது. நீதிபதி ஜூரிக்குச் சட்டத்தைப் பிழையாக விளக்கினார் என்று சொல்லித்தான் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளி அவரைத் தண்டித்தது. அமெரிக்காவில் இது நடக்காது. ஜூரி விடுதலை செய்தால் அதோடு கதை முடிந்தது. தண்டித்தால் மட்டுமே, ஜூரிக்கு என்ன சொல்லப்பட்டது என்று தோண்ட முடியும்.

1. முதலில் நாள்காட்டியைப் பாருங்கள்

தண்டனை அறிவித்த நாளிலிருந்து 60 நாட்கள். அதற்குள் மேல்முறையீட்டு அறிவிப்பு தாக்கலாக வேண்டும். ஜூரி "குற்றவாளி" என்று சொன்ன நாளிலிருந்து கணக்கில்லை. நீதிபதி எத்தனை ஆண்டு என்று சொன்ன நாளிலிருந்து. தாக்கல் செய்யும் இடம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அல்ல, தண்டனை கொடுத்த அதே சுப்பீரியர் கோர்ட். அதற்கான படிவத்தின் எண் சிஆர்-120. காரணங்களை அதில் விளக்க வேண்டியதில்லை. கட்டணமும் இல்லை.

விசாரணையில் வாதாடிய வக்கீல் போட்டுவிடுவார் என்று இருந்துவிடாதீர்கள். போட்டுவிட்டாரா என்று கேளுங்கள், முத்திரை குத்திய நகலைக் கையில் வாங்குங்கள். சிறையிலிருந்து தாமே அனுப்புகிறவர்கள், சிறை அதிகாரியிடம் உறையைக் கொடுத்த தேதியைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். 60 நாட்களுக்குள் கொடுத்திருந்தால், தபால் தாமதமானாலும் பெரும்பாலும் காப்பாற்றப்படும்.

மத்திய நீதிமன்ற வழக்கு என்றால் அவகாசம் வெறும் 14 நாள். ஆளை உள்ளே அனுப்பிய அதிர்ச்சியிலேயே அது ஓடிவிடும்.

மேல்முறையீடு போட்டதும் தண்டனை நிற்காது. ஜாமீன் கேட்கலாம், கொடுப்பது நீதிபதியின் விருப்பம். ஆயுதக் கொள்ளையில் கிடைப்பது அரிது. தண்டனை பெற்றவர் அமெரிக்கக் குடிமகன் இல்லை என்றால் குடியேற்ற வக்கீலிடமும் இதே வாரத்தில் பேசுங்கள். கொள்ளைக் குற்றத்தில் கிரீன் கார்டே போகலாம்.

2. வக்கீல்

பணமில்லாதவருக்கு மேல்முறையீட்டு நீதிமன்றமே வக்கீலை நியமிக்கும். இந்த உரிமை சும்மா வந்ததில்லை. இலினாய் மாநிலத்தில் ஆயுதக் கொள்ளையில் தண்டிக்கப்பட்ட கிரிஃபின், கிரென்ஷா என்ற இருவர், விசாரணையின் எழுத்துப்படியை வாங்கப் பணமில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1956-இல் அவர்கள் ஜெயித்தார்கள். முதல் மேல்முறையீட்டில் ஏழைக்கு இலவச வக்கீல் உண்டு என்று 1963-இல் டக்ளஸ் எதிர் கலிஃபோர்னியா வழக்கில் தீர்ப்பானது. அதுவும் கொள்ளை உள்ளிட்ட குற்றங்களில் தண்டனை பெற்றவர்களின் வழக்குதான்.

நியமிக்கப்படுபவர் விசாரணையில் இருந்த வக்கீலாக இருக்க மாட்டார். அது நல்லதே. பழைய வக்கீல் கோட்டைவிட்டதைப் புதியவர்தான் தயங்காமல் எழுதுவார்.

அந்த வக்கீல் எல்லாவற்றையும் படித்துவிட்டு, எழுப்ப ஒன்றுமே இல்லை என்று முடிவுசெய்தால் "வெண்டே பிரீஃப்" என்ற ஒன்றைத் தாக்கல் செய்வார். அப்போது நீதிமன்றம் பதிவுகளைத் தானே ஒருமுறை பார்க்கும். அந்தச் சொல் கடிதத்தில் வந்தால், தண்டனை பெற்றவர் தம் தரப்பைச் சொந்தமாக எழுதி அனுப்பலாம். சும்மா இருந்துவிட வேண்டாம்.

3. பதிவேடு: உங்கள் உலகம் இனி இதற்குள்தான்

வழக்கின் பதிவேடு இரண்டு பகுதி. தாக்கலான மனுக்கள், நீதிபதி ஜூரிக்குச் சட்டத்தைச் சொன்ன எழுத்து அறிவுறுத்தல்கள், ஜூரி அனுப்பிய சீட்டுகள், தீர்ப்புப் படிவங்கள் எல்லாம் கிளர்க்ஸ் டிரான்ஸ்கிரிப்டில் இருக்கும். நீதிமன்றத்தில் பேசப்பட்டது சொல்லுக்குச் சொல் ரிப்போர்ட்டர்ஸ் டிரான்ஸ்கிரிப்டில் இருக்கும். இந்த இரண்டிலும் இல்லாத எதையும் மேல்முறையீட்டில் பேச முடியாது. நடைவழியில் அரசு வழக்கறிஞர் சாட்சியிடம் ஏதோ முணுமுணுத்ததை நீங்கள் கண்ணால் பார்த்திருந்தாலும் சரி.

ஜூரித் தேர்வு பகுதி வழக்கமான கட்டில் வராது. வேறு சில பக்கங்களும் விடுபட்டுப் போவதுண்டு. சந்தேகம் இருந்தால் வக்கீல் மனுப்போட்டுச் சேர்க்கலாம். குடும்பத்தார் இங்கே உண்மையிலேயே உதவ முடியும். விசாரணைக்குத் தினமும் போனவர்கள் "இந்த நாளில் நீதிபதி மேஜைக்குப் பக்கத்தில் வக்கீல்கள் நீண்ட நேரம் பேசினார்கள்", "ஜூரி உள்ளே போன இரண்டாம் நாள் ஏதோ கேள்வி வந்தது" என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள். பக்கங்களில் அது இருக்கிறதா என்று வக்கீல் சரிபார்ப்பார்.

4. அறிவுறுத்தல்களைக் அரிசியில் கல் பொறுக்குவது போலப் படிக்க வேண்டும்

கலிஃபோர்னியா நீதிபதிகள் 2006 முதல் "கால்கிரிம்" என்ற மாதிரி அறிவுறுத்தல் தொகுப்பைப் பயன்படுத்துகிறார்கள். கொள்ளைக்கு 1600-ஆம் எண். முதல் வேலை, தொகுப்பில் இருப்பதையும் இந்த வழக்கில் கொடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது. நீதிபதி எதைச் சேர்த்தார், எதை வெட்டினார், அடைப்புக்குறிக்குள் இருந்த எந்த வாக்கியத்தைத் தேவையில்லை என்று விட்டார் என்பது அப்போது தெரியும். வாசிக்கும்போது வாய் தவறியதை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடாதீர்கள். சரியான எழுத்துப் பிரதி ஜூரியின் கையில் போயிருந்தால், எழுத்துதான் நிற்கும் என்பது மேல்நீதிமன்றங்களின் வழக்கமான நிலை.

கொள்ளை என்பதற்கு அந்த மாநிலத் தண்டனைச் சட்டத்தின் 211-ஆம் பிரிவு சொல்வது: இன்னொருவர் வசமிருக்கும் பொருளை, அவர் உடம்பிலிருந்தோ பக்கத்திலிருந்தோ, அவர் விருப்பத்துக்கு மாறாக, பலத்தாலோ பயமுறுத்தியோ எடுப்பது. இதில் ஒவ்வொரு துண்டும் நிரூபிக்கப்பட வேண்டும். பிழைகள் ஒளிந்திருக்கும் இடங்கள் சில உண்டு.

எண்ணம் எப்போது வந்தது என்பது ஒன்று. அடிதடி முடிந்த பிறகு, கீழே கிடந்த பர்ஸைப் பார்த்து எடுத்தால் அது திருட்டு, கொள்ளை ஆகாது. திருடும் எண்ணம் பலத்தைப் பயன்படுத்துவதற்கு முன்போ அப்போதோ இருந்திருக்க வேண்டும். இதற்குச் சாட்சியத்தில் இடம் இருந்தும், "வெறும் திருட்டு என்றும் நீங்கள் முடிவு செய்யலாம்" என்று ஜூரிக்குச் சொல்லப்படவில்லையா? அது கேட்காமலே நீதிபதி சொல்லியிருக்க வேண்டிய விஷயம்.

கடையில் பொருளை எடுத்துக்கொண்டு ஓடுகிறவர் காவலாளியிடம் பிடிபட்டுத் தள்ளிவிட்டாலும் கலிஃபோர்னியாவில் அது கொள்ளையாகிவிடும். ஆனால் தள்ளுவதற்கு முன்பே பொருளைத் திருப்பிப் போட்டுவிட்டால்? 2013-இல் பீப்பிள் எதிர் ஹாட்ஜஸ் வழக்கில் ஜூரி இந்தக் குழப்பத்தைத்தான் கேள்வியாக அனுப்பியது. நீதிபதி கொடுத்த பதில் சரியில்லை என்று கொள்ளைத் தீர்ப்பு ரத்தானது.

தன் பொருள் என்று உண்மையாகவே நம்பி எடுப்பது இன்னொன்று. முன்னாள் மனைவியிடம் தானே கொடுத்த 200 டாலரை எடுத்துக்கொண்டு போனவரின் வழக்கு டுஃபுங்கா. அந்த வாதத்தை ஜூரி கேட்கவே விடாதது தவறு என்று மாநில உச்ச நீதிமன்றம் 1999-இல் சொன்னது. கடனை வசூலிக்கக் கத்தியோடு போனவர்கள் இதைச் சொல்லித் தப்ப முடியாது. அதையும் அதே தீர்ப்பு சொல்லிவிட்டது.

கார் ஓட்டியவர் மட்டும்தான் என்றால், கொள்ளை நடக்கிறது என்று அவருக்கு எப்போது தெரிந்தது என்று பாருங்கள். பொருள் பாதுகாப்பான இடத்துக்குப் போய்ச் சேரும்வரை தெரியாதவர் கொள்ளைக்கு உடந்தை ஆக மாட்டார். அதை ஜூரிக்குத் தெளிவாகச் சொன்னார்களா?

அடுத்தது ஆயுதம். இதைத் தனியாகவே பாருங்கள், ஏனென்றால் ஆண்டுகள் ஏறுவது இங்கேதான். இரண்டாம் நிலைக் கொள்ளைக்கு அடிப்படைத் தண்டனை 2, 3 அல்லது 5 ஆண்டு. அதில் துப்பாக்கியைப் பயன்படுத்தினார் என்று தனியாக நிரூபணமானால் இன்னும் 10 ஆண்டு, சுட்டால் 20, சுட்டதில் யாருக்காவது பெருங்காயமோ சாவோ நேர்ந்தால் 25 முதல் ஆயுள் வரை. 2018 முதல் இதை நீக்கும் அதிகாரம் நீதிபதிக்கு உண்டு. ஆக, கொள்ளைத் தீர்ப்பு அப்படியே நின்றாலும் துப்பாக்கி பற்றிய முடிவு மட்டும் விழுந்தால் பத்து ஆண்டு குறையும். "எல்லாமே பொய்" என்று வாதாடுவதிலேயே குறியாக இருக்கும் குடும்பங்கள் இதைக் கவனிப்பதில்லை.

துப்பாக்கி என்றால் வெடிமருந்தின் விசையில் குழாய் வழியே குண்டு போக வேண்டும். காற்றழுத்தத்தில் இயங்கும் பெல்லட் துப்பாக்கியும் பொம்மைத் துப்பாக்கியும் இதில் வராது. சாட்சியத்தில் அந்தச் சந்தேகம் இருந்தும் விளக்கம் இல்லாமல் ஜூரியை அனுப்பியிருந்தால் அது வாதம்தான். கத்தி வகைகளிலும் இதே கதை. அட்டைப்பெட்டி கிழிக்கும் பாக்ஸ் கட்டர் பிறவியிலேயே கொலை ஆயுதமா, அல்லது பயன்படுத்திய விதத்தைப் பார்க்க வேண்டுமா? பிறவியிலேயே என்று ஜூரி எடுத்துக்கொள்ள இடம் விட்டது தவறு என்று 2019-இல் அலெடமாட் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் அந்தத் தவறு தீர்ப்பை மாற்றவில்லை, அதாவது கேடில்லை என்று தண்டனையை விட்டுவைத்தது.

இரவுக் கடைக் கொள்ளைகளில் பெரும்பாலும் ஒரே ஒரு சாட்சியின் அடையாளம்தான் இருக்கும். "சாட்சி எவ்வளவு உறுதியாகச் சொன்னார் என்று பாருங்கள்" என்பது பல ஆண்டுகளாக ஜூரிக்குச் சொல்லப்பட்ட வரி. உறுதியும் சரியும் ஒன்றல்ல என்று ஆய்வுகள் சொல்ல, 2021-இல் லெம்கே தீர்ப்பு, எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) தரப்பு கேட்டால் தவிர அந்த வரியை விட்டுவிடச் சொன்னது. அதுவும் கொள்ளை வழக்கு. அங்கேயும் மேல்முறையீடு செய்தவருக்கு விடுதலை கிடைக்கவில்லை. பலன் பின்னால் வந்தவர்களுக்கு. உங்கள் வழக்கு அதற்குப் பின் நடந்தும் அந்த வரி இருந்தால் மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒற்றை வாக்கியத்தைப் பிடித்துத் தொங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஆரிகன் மாநிலத்து ஆயுதக் கொள்ளை வழக்கு ஒன்று பாடம். கப் எதிர் நாட்டன், 1973. மளிகைக் கடைக் கொள்ளை. எதிரி தரப்பில் யாருமே சாட்சி சொல்லவில்லை. நீதிபதியோ, "ஒவ்வொரு சாட்சியும் உண்மை பேசுகிறார் என்றே கொள்ளப்படும்" என்று ஜூரிக்குச் சொன்னார். கூண்டில் ஏறியவர்கள் எல்லோரும் அரசுத் தரப்பு என்னும்போது அந்த வரி யாருக்குச் சாதகம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. நிரபராதி என்றே கருத வேண்டும், சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டும் என்பதை நீதிபதி வேறு இடங்களில் நன்றாகச் சொல்லியிருந்தார், எல்லாவற்றையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும் என்றது. உங்கள் வாதவுரையிலும் மற்ற அறிவுறுத்தல்கள் இந்தப் பிழையைச் சரி செய்யவில்லை என்று நீங்களே முந்திக்கொண்டு காட்ட வேண்டும்.

5. அரசு வழக்கறிஞர் எங்கே சாட்சியாக மாறினார்?

அவர் நேராகக் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்வது அபூர்வம். ஒரே ஆள் வாதாடுபவராகவும் சாட்சியாகவும் இருக்கக் கூடாது என்பது வக்கீல் தொழில் விதி. கலிஃபோர்னியாவில் அதன் எண் 3.7. அதற்குச் சில விலக்குகளும் உண்டு. எனவே ஏறினார் என்பதோடு நிற்காமல், ஏறிய பிறகு முடிவுரையிலும் தானே எழுந்து தன் சாட்சியத்தைத் தானே மெச்சினாரா என்று பாருங்கள்.

அடிக்கடி நடப்பது வேறு. சாட்சியை வேறு யாரும் இல்லாமல் தனியாகச் சந்தித்திருப்பார். கூண்டில் சாட்சி பிறழ்ந்ததும், "போன செவ்வாய்க்கிழமை என் அறையில் உட்கார்ந்து, துப்பாக்கி வைத்திருந்தது இவர்தான் என்று என்னிடம் நீங்கள் சொல்லவில்லையா?" என்பார். சாட்சி இல்லை என்பார். அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். ஆனால் ஜூரியின் மனதில் நின்றது எது? இல்லை என்ற பதிலா, கேட்டவரின் வாக்கா? சத்தியமும் செய்யாமல், குறுக்கு விசாரணைக்கும் உட்படாமல், அரசு வழக்கறிஞர் சாட்சி சொல்லிவிட்டார். இதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் சாட்சியைப் பார்க்கப் போகும்போது ஒரு புலனாய்வாளரைக் கூட்டிப் போவார்கள். பிறழ்ந்தால் கூண்டில் ஏற்ற வேறு ஆள் இருப்பார்.

1935-இல் பெர்கர் எதிர் அமெரிக்கா தீர்ப்பு அரசு வழக்கறிஞரின் இத்தகைய நடத்தையைக் கண்டித்துத் தண்டனையையே ரத்து செய்தது. அவர் பலமாக அடிக்கலாம், கள்ள அடி அடிக்கக் கூடாது என்பது அதிலிருந்து வந்த வாசகம். வாய் திறக்காமலே சாட்சியாகலாம் என்பதற்கு 1998-இன் எட்வர்ட்ஸ் வழக்கு. விசாரணை நடுவே அரசு வழக்கறிஞரே சான்றுப் பையைப் புரட்டி, அதன் அடியில் எதிரியின் பெயரிட்ட சீட்டைக் கண்டுபிடித்தார். பிறகும் அவரே வழக்கை நடத்தினார். அந்தச் சீட்டு எப்படி வந்தது என்பதே சர்ச்சையாக இருக்கும்போது, கண்டெடுத்தவரே நின்று வாதாடுவது தன் நேர்மையைப் பணயம் வைத்துச் சாட்சி சொல்வதற்குச் சமம் என்று ஒன்பதாம் சரக மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது.

முடிவுரையில் "எனக்குத் தெரியும்", "நாங்கள் விசாரித்ததில்", "அப்படி இல்லையென்றால் நான் இந்த வழக்கையே போட்டிருக்க மாட்டேன்" என்று வரும் இடங்களைக் கோடிடுங்கள். பதிவில் இல்லாத செய்தியோ, தன் பதவியின் மேல் நம்பச் சொல்லும் பேச்சோ அங்கேதான் இருக்கும். வெறும் வசை அவ்வளவு உதவாது. ஃபுளோரிடாவில் ஒரு கடைக் கொள்ளைக் கொலை வழக்கில் எதிரியை மிருகம் என்றே பேசினார்கள். 1986-இல் டார்டன் தீர்ப்பு அதைக் கண்டித்தது, ஆனால் 5-க்கு 4 என்று தண்டனையை விட்டுவைத்தது.

பக்கத்திலேயே இன்னொரு கதவு இருக்கிறது. அரசுச் சாட்சி பொய் சொல்வது தெரிந்தும் வழக்கறிஞர் திருத்தாமல் விடுவது. சிகாகோவில் ஒரு மதுக்கூடக் கொள்ளையில் போலீஸ்காரர் சுடப்பட்ட வழக்கில், 199 ஆண்டு தண்டனையில் இருந்த கூட்டாளி எந்தச் சலுகையும் தரப்படவில்லை என்று கூண்டில் சொன்னார். சலுகை தருவதாகச் சொன்னதே கேள்வி கேட்ட வழக்கறிஞர்தான். 1959-இல் நாப்யூ தீர்ப்பு அந்தத் தண்டனையை ரத்து செய்தது. கூட்டாளிச் சாட்சி இருக்கும் எல்லாக் கொள்ளை வழக்கிலும், தண்டனை அறிவிக்கப்பட்ட பிறகு அந்தச் சாட்சியின் சொந்த வழக்கு என்ன ஆனது என்று தேடிப் பாருங்கள். சில நேரம் பதில் அங்கேயே கிடைக்கும்.

6. அப்போது யாராவது "ஆட்சேபிக்கிறேன்" என்றார்களா?

இந்த இடத்தில்தான் இரண்டு காரணங்களும் பிரிகின்றன.

அறிவுறுத்தல் பிழைக்கு வக்கீல் வாயே திறக்காமல் இருந்திருந்தாலும், எதிரியின் முக்கிய உரிமையைப் பாதித்திருந்தால் மேல்முறையீட்டில் எழுப்பலாம். தண்டனைச் சட்டத்தின் 1259-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. ஆனால் வக்கீலே ஒரு உத்தியாக அந்த அறிவுறுத்தலைக் கேட்டு வாங்கியிருந்தால் முடியாது. எனவே நீதிபதியும் வக்கீல்களும் அறிவுறுத்தல்களைப் பேசி முடிவு செய்த பக்கங்களை இரண்டு முறை படியுங்கள்.

அரசு வழக்கறிஞரின் நடத்தைக்கு இந்தச் சலுகை இல்லை. அப்போதே ஆட்சேபித்து, "இதைக் கணக்கில் கொள்ள வேண்டாம் என்று ஜூரிக்குச் சொல்லுங்கள்" என்றும் கேட்டிருக்க வேண்டும். ஆட்சேபணை மட்டும் போதாது. கேட்டுப் பயனில்லை என்ற நிலை இருந்தால் விலக்கு உண்டு. 1998-இல் ஹில் வழக்கில் அரசு வழக்கறிஞர் அத்தனை அத்துமீறினார், நீதிபதியும் எதிரி தரப்பு வக்கீலையே கடிந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் எழுந்து நிற்காததைக் குற்றமாகக் கொள்ள முடியாது என்றது மாநில உச்ச நீதிமன்றம்.

விலக்கும் கிடைக்காவிட்டால் மூன்றாவது வழி, வக்கீல் திறமையாக வாதாடவில்லை என்ற வாதம். 2014-இன் சென்டெனோ வழக்கு இதற்கு நல்ல உதாரணம். அரசு வழக்கறிஞர் கலிஃபோர்னியாவின் வரைபட உருவத்தைக் காட்டி, சில ஊர்த் தகவல் தப்பாக இருந்தாலும் இது கலிஃபோர்னியா என்று சந்தேகமில்லாமல் தெரிகிறதே, நிரூபணமும் அப்படித்தான் என்று விளக்கினார். எதிரியின் வக்கீல் சும்மா இருந்தார். அந்த மௌனத்துக்கு எந்த உத்தியும் காரணமாக இருக்க முடியாது என்று தண்டனை ரத்தானது. வக்கீல் ஏன் மௌனமாக இருந்தார் என்பது பதிவில் தெரியாவிட்டால் மட்டும் இது ஆட்கொணர்வு மனுவுக்கு, அதாவது பதிவேட்டில் இல்லாத ஆதாரத்தையும் காட்டும் தனி மனுவுக்குப் போகும்.

7. கேடு: வழக்கு நிற்பதும் விழுவதும் இங்கே

கேடு என்பது தொடக்கத்தில் சொன்ன இரண்டாவது கேள்விதான். அதை எந்த அளவுகோலால் அளப்பது என்பதே பாதிச் சண்டை. மாநிலச் சட்டப் பிழை என்றால் 1956-இன் வாட்சன் அளவுகோல்: தவறு இல்லாதிருந்தால் நல்ல முடிவு வர நியாயமான வாய்ப்பு இருந்தது என்று நீங்கள் காட்ட வேண்டும். அரசியலமைப்புப் பிழை என்றால் 1967-இன் சாப்மன் அளவுகோல்: அந்தத் தவறு தீர்ப்பைப் பாதிக்கவில்லை என்று சந்தேகத்துக்கு அப்பால் அரசுத் தரப்பு காட்ட வேண்டும். சுமை தோள் மாறுகிறது. அதனால்தான் நல்ல வாதவுரைகள் ஒவ்வொரு பிழையையும் அரசியலமைப்போடு கட்டிப் போடும். குற்றத்தின் ஒரு கூறை ஜூரிக்குச் சொல்லாமல் விட்டால் சாப்மன். நியாயமான சந்தேகம் என்பதையே திரித்துச் சொன்னால் அளக்கவே வேண்டாம், நேராக ரத்து. நியூ ஆர்லியன்ஸ் மதுக்கூடம் ஒன்றில் நடந்த ஆயுதக் கொள்ளைக் கொலை வழக்கில், 1993-இல் சல்லிவன் தீர்ப்பு அப்படிச் சொன்னது.

கேட்டைக் காட்ட எதைத் தேடுவது? ஜூரி அனுப்பிய சீட்டுகளை. அவர்கள் எதில் தடுமாறினார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி கிடையாது. 1946-இன் போலன்பாக் வழக்கில் ஜூரி ஏழு மணி நேரம் முடிவெடுக்க முடியாமல் திணறியது. அவர்கள் கேள்விக்கு நீதிபதி தவறான பதில் சொன்னார். ஐந்தே நிமிடத்தில் குற்றவாளி என்று வந்தார்கள். இந்த ஐந்து நிமிடத்தைப் போல உங்கள் பதிவில் ஏதாவது இருக்கிறதா? எத்தனை நாள் உட்கார்ந்தார்கள், எந்தச் சாட்சியத்தைத் திரும்ப வாசிக்கச் சொன்னார்கள், சில குற்றச்சாட்டுகளில் மட்டும் விடுவித்தார்களா என்பதெல்லாம் குறிப்புகள்.

அரசுத் தரப்பு என்ன பதில் சொல்லும் என்பதை இப்போதே சொல்லிவிடலாம். "வக்கீல்கள் பேசுவது சாட்சியம் அல்ல என்று கால்கிரிம் 222 சொல்கிறது, ஜூரி அதைக் கேட்டு நடந்ததாகவே கொள்ள வேண்டும்." எல்லா வழக்கிலும் இதே வரி வரும். இதற்கு மறுமொழி பொதுவாக இருந்தால் எடுபடாது. செவ்வாய்க்கிழமைப் பேச்சைப் பற்றி வேறு யாருமே சாட்சி சொல்லவில்லை, ஆனால் முடிவுரையில் அதையே மூன்று முறை சொன்னார், ஆட்சேபணையை நீதிபதி எல்லோர் முன்னிலையிலும் நிராகரித்தார், அதன்பின் ஜூரி அதே சாட்சியின் பேச்சைத் திரும்ப வாசிக்கக் கேட்டது என்று பக்க எண்ணோடு அடுக்க வேண்டும். தனித்தனியே சிறிய தவறுகள் சேர்ந்து பெரிதாயின என்ற கூட்டுக் கேட்டு வாதத்தையும் கடைசியில் சேர்க்கச் சொல்லுங்கள்.

மத்திய நீதிமன்றத்தில் ஆட்சேபிக்காமல் விட்டிருந்தால் இன்னும் கடினம். தவறு வெட்டவெளிச்சமாக இருக்க வேண்டும், முடிவைப் பாதித்திருக்க வேண்டும், அதற்கு மேலும் நீதிமன்றத்தின் மதிப்பையே குலைக்கும் அளவு இருக்க வேண்டும்.

8. எழுத்து வாதமும் அதற்குப் பிறகும்

பதிவேடு வந்து சேர்ந்த 40 நாளில் தொடக்க வாதவுரை. அரசுத் தரப்புக்கு 30 நாள். அதற்கு மறுமொழி 20 நாள். அவகாசம் கேட்பது சகஜம், ஆகவே மாதங்கள் நகரும். 25,500 சொற்கள் வரை எழுதலாம், எழுத வேண்டும் என்றில்லை. பத்துக் காரணங்களைப் போட்டு நிரப்பச் சொல்லி வக்கீலை நெருக்காதீர்கள். இரண்டு பலமான காரணத்தை எட்டுப் பலவீனமான காரணங்கள் மூடிவிடும். கேட்க வேண்டியது இது: வாதவுரையில் எழுப்பும் ஒவ்வொரு காரணத்துக்கும் மத்திய அரசியலமைப்புத் தலைப்பும் கொடுத்திருக்கிறாரா? இங்கே கொடுக்கவில்லை என்றால் பிறகு மத்திய நீதிமன்றம் போகும்போது அந்தக் கதவு மூடியிருக்கும்.

வாய்மொழி வாதம் சில நிமிடங்கள்தான். தண்டனை பெற்றவர் அங்கே இருக்க மாட்டார். தீர்ப்புக்காக வழக்கு ஒத்திவைக்கப்பட்ட 90 நாளுக்குள் தீர்ப்பு எழுத்தில் வரும்.

தோற்றால், மறுபரிசீலனை மனுவுக்கு 15 நாள். மாநில உச்ச நீதிமன்றத்துக்கு மனுப்போட, தீர்ப்பு 30 நாளில் இறுதியானதும் வரும் 10 நாள் மட்டுமே, அதாவது 31 முதல் 40 வரை. முந்திக் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள், பிந்தக் கூடாது. இதைத் தவறவிட்டவர்கள் உண்டு. அதன்பின் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு 90 நாள், மத்திய ஆட்கொணர்வு மனுவுக்கு ஓராண்டு.

ஜெயித்தால் அன்றே வீட்டுக்கு வருவார் என்று நினைக்க வேண்டாம். அறிவுறுத்தல் பிழைக்கோ வழக்கறிஞரின் நடத்தைக்கோ ரத்தானால், அரசுத் தரப்பு மறுபடி விசாரணை நடத்தலாம். சாட்சியமே போதவில்லை என்று ரத்தானால் மட்டும் நடத்த முடியாது. 1978-இல் பர்க்ஸ் தீர்ப்பு அப்படிச் சொன்னது, அது ஆயுதத்தோடு நடந்த வங்கிக் கொள்ளை வழக்கு. அதனால் சாட்சியப் பற்றாக்குறை வாதத்துக்குச் சிறிதளவு இடமிருந்தாலும் அதையும் சேர்த்தே எழுத வேண்டும். மறுவிசாரணை வரை போனால் பழைய சாட்சிகளைத் தேடிப் பிடிப்பது அரசுத் தரப்புக்கும் தலைவலி. பேரத்துக்கு இறங்கி வருவார்கள். துப்பாக்கிக்கான பத்து ஆண்டை விட்டுவிட்டு, கொள்ளைக்கு மட்டும் ஒப்புக்கொள்கிறீர்களா என்று அப்போது ஒரு கேள்வி வரலாம். அதற்கு என்ன பதில் என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பு வருமுன்பே உள்ளே இருப்பவரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.